கான்டாக்டர் ஒட்டிக்கிச்சு மாப்ளே!

ரெண்டு நாளைக்கு முன்னாடி எங்க குடும்ப வாட்ஸப் குழுவுல ஒரு செய்தி வந்தது. புற்றுநோய் என்பது நோயே இல்லையாம். வைட்டமின் பி17 குறைபாடாம். இதை மறைச்சு வெச்சு மருந்துக் கம்பெனிகள் கோடி கோடியா அள்ளுதாம். உண்மைத் தமிழனா இருந்தா பத்துப் பேருக்கு அனுப்பணுமாம். அனுப்பினவர் எனக்கு அண்ணன் முறை, இன்ஜினியரிங் படிச்சவர். கீழே வரிசையா ஏழு கும்பிடு பொம்மைகள்.

அதே குழுவுல எங்க மாமாவும் இருக்கார். அம்மாவோட தம்பி. செய்தியைப் படிச்சிருக்கார்னு நீல டிக் காட்டுது. ஒண்ணும் சொல்லல. அந்த மௌனம்தான் என்னை இந்தப் பதிவை எழுத வைக்குது. கொஞ்சம் நீளமான பதிவு, கோபமான பதிவும்கூட. பொறுத்துக்கோங்க.

மாமாவுக்கு புதுக்கோட்டைப் பக்கம் மோட்டார் காயில் கட்டுற கடை. போர்வெல் மோட்டார், மிக்ஸி மோட்டார், எது எரிஞ்சு போனாலும் அவர்கிட்டதான் வரும். 2014-ல், அவருக்கு 46 வயசு இருக்கும்போது, இடது விலாவுக்குக் கீழே கல்லு வெச்ச மாதிரி கனமா இருக்குன்னு சொன்னார். மண்ணீரல் வீக்கம். ரத்தம் எடுத்துப் பார்த்தா வெள்ளை அணு ஒரு லட்சத்து எண்பதாயிரம். நமக்கெல்லாம் நாலாயிரத்துல இருந்து பதினோராயிரத்துக்குள்ள இருக்க வேண்டியது. நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய், சுருக்கமா சி.எம்.எல்.

வீட்ல எல்லாரும் அழுதாங்க. அழாம என்ன பண்ணுவாங்க? எண்பதுகள்ல வந்த படங்கள்ல 'பிளட் கேன்சர்'னு டாக்டர் கண்ணாடியைக் கழட்டினா, அடுத்த பாட்டுல கதாநாயகன் ரத்தம் கக்கிச் செத்துருவான். நமக்குத் தெரிஞ்ச புற்றுநோய்ப் பாடம் அவ்வளவுதான். ஆனா இந்த டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் சாப்பாட்டோட போடுங்க, பெரிய டம்ளர் நிறைய தண்ணி குடிங்க, கடையைத் திறங்கன்னு சொல்லிட்டார். எங்களுக்கு நம்பிக்கையே வரல.

வீட்டுக்கு வந்ததும் மாமா என்னைக் கேட்டார். "மாப்ளே, நீ படிச்சவன். எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு."

எனக்கும் அப்போ தெரியாது. நாலு ராத்திரி உக்காந்து படிச்சிட்டுப் போய்ச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன். இது தெரிஞ்சா அந்தச் செய்தியை எவனும் பத்துப் பேருக்கு அனுப்ப மாட்டான்.

நம்ம செல்லுக்குள்ள கைனேஸ்னு ஒரு வகைப் புரதங்கள் இருக்கு. மனிதனோட மரபணுத் தொகுப்புல சுமார் 518 இருக்குன்னு 2002-ல் கணக்கெடுத்தாங்க. இதுங்க வேலை ரொம்பச் சின்னது. ஏ.டி.பி.ங்கிற மூலக்கூறுல இருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்ச்சு இன்னொரு புரதத்து மேல ஒட்டுறது. ஒட்டினா அந்தப் புரதம் முழிச்சுக்கும், இல்லைன்னா தூங்கும். அந்த பாஸ்பேட்டைக் கழட்டிவிட வேற நொதிகள் இருக்கு. ஒட்டு, கழட்டு, ஒட்டு, கழட்டு. செல்லுக்கு 'வளரு', 'நில்லு', 'பிரி', 'செத்துப் போ'ன்னு கட்டளை போறது பெரும்பாலும் இந்த வழியாத்தான். இதைக் கண்டுபிடிச்ச எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992-ல் நோபல் கொடுத்தாங்க. அவங்க அந்த வேலையைச் செஞ்சது 1950கள்ல.

இந்த 518-ல் ஒண்ணு ஏபிஎல். இது டைரோசின்ங்கிற அமினோ அமிலத்துல மட்டும் பாஸ்பேட் ஒட்டுற ரகம். இதுக்கான மரபணு நம்ம 9-ம் குரோமோசோம்ல இருக்கு. சும்மா இருக்கும்போது இது தன் வாலை எடுத்துத் தன் மடிக்குள்ளயே சொருகிக்கிட்டு மூடிக்கிடக்கும். கட்டளை வந்தா மட்டும் திறக்கும்.

சி.எம்.எல். வந்தவங்களுக்கு, எலும்பு மஜ்ஜையில ஏதோ ஒரே ஒரு செல்லுல, 9-ம் குரோமோசோமும் 22-ம் குரோமோசோமும் உடைஞ்சு துண்டு மாறி ஒட்டிக்குது. 22-ல் இருக்கிற பிசிஆர்ங்கிற மரபணுவோட ஏபிஎல் போய் ஒட்டுது. ஒட்டும்போது, மூடி வைக்கிற அந்த வால் துண்டு அத்துப் போயிருது. போதாக்குறைக்கு பிசிஆர் பகுதி இந்தப் புரதங்களைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிவிடுது. ஒண்ணை ஒண்ணு தூண்டிவிடுது. அப்புறம் கட்டளையே வராம நாள் முழுக்க பாஸ்பேட் ஒட்டிக்கிட்டே இருக்கு. செல் பெருகிக்கிட்டே இருக்கு.

நான் இதை எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லி முடிச்சதும் மாமா ரெண்டு நிமிஷம் யோசிச்சார். அப்புறம் சொன்னார்.

"கான்டாக்டர் ஒட்டிக்கிச்சுன்னு சொல்லு மாப்ளே."

மோட்டார் ஸ்டார்ட்டர்ல கான்டாக்டர்னு ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு பாயின்ட் தொட்டா மோட்டார் ஓடும், விலகினா நிக்கும். சில சமயம் சூட்டுல பாயின்ட் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் சிவப்புப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் மோட்டார் நிக்காது. தொட்டி நிறைஞ்சு தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருக்கும். எட்டாவது தாண்டாத எங்க மாமா, ஒரு மூலக்கூறு உயிரியல் பாடத்தை ஒரே வரியில சொல்லிட்டார்.

"அப்ப இந்த மாத்திரை?"ன்னார். இமாடினிப்ங்கிற அந்த மாத்திரை, ஏ.டி.பி. வந்து உக்கார்ற குழிக்குள்ள போய்த் தான் உக்காந்துக்கும். ஏ.டி.பி.க்கு இடமில்ல, பாஸ்பேட் இல்ல, கட்டளை இல்ல. "பாயின்ட்டுக்கு நடுவுல அட்டையைச் சொருகுறது"ன்னார். சரிதான் மாமான்னேன்.

இப்ப பி17 ஆசாமிகளே, உங்ககிட்ட வர்றேன்.

முதல்ல, பி17-னு ஒரு வைட்டமினே கிடையாது. அது அமிக்டலின்ங்கிற பொருளும் அதோட செயற்கைத் தம்பியும். ஆப்ரிகாட் கொட்டைக்குள்ள இருக்கும். உடம்புக்குள்ள போனா சயனைடு விடும். இதை யாரும் மறைக்கல. அமெரிக்காவுல 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982-ல் முடிவை வெளியிட்டாங்க. பலன் இல்ல. சிலருக்கு ரத்தத்துல சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. நாற்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு, இன்னும் அந்தப் பிணத்தைத் தூக்கிக்கிட்டு அலையிறீங்க.

அடுத்து, 'எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் ஏது?' இருந்தது சாமி. 1845-லேயே எடின்பரோவுல பென்னட்டும் பெர்லின்ல விர்ஷோவும் இந்த நோயைப் பத்தி எழுதிட்டாங்க. உங்க தாத்தா காலத்துல மைக்ராஸ்கோப் வெச்சுப் பார்க்க ஆள் இல்ல, அதனால 'வயித்துக்கட்டி வந்து போயிட்டான்'னு சொல்லிப் புதைச்சாங்க.

'எங்க பாரம்பரிய மருத்துவத்தை மட்டம் தட்டுறான்'னு கிளம்புவீங்க. இல்ல. ரோட்டோரம் பூத்துக்கிடக்கிற நித்தியகல்யாணியில இருந்துதான் வின்கிரிஸ்டின் வருது. குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய்க்கு இன்னிக்கும் அது முக்கியமான மருந்து. சீன நாட்டு மருந்துல இருந்த ஆர்செனிக்கை 1970கள்ல ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் ஆராய்ஞ்சு, அது இப்போ இன்னொரு வகை ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்துது. செடியா, கல்லா, சோதனைக் குழாயாங்கிறது எனக்குப் பிரச்சினையே இல்ல. எத்தனை பேருக்குக் கொடுத்தே, எத்தனை பேர் பிழைச்சாங்க, எழுதி வெச்சிருக்கியா? இதுதான் கேள்வி. இதைக் கேட்டா ஏன் முகம் சிவக்குது?

என் பக்கத்துக் கணக்கைச் சொல்றேன். பிலடெல்பியாவுல நோவலும் ஹங்கர்ஃபோர்டும் அந்தக் குட்டைக் குரோமோசோமைப் பார்த்தது 1960. அது துண்டு மாறினதால வந்ததுன்னு சிகாகோவுல ஜேனட் ரௌலி சொன்னது 1973. பிசிஆர்-ஏபிஎல்லை எலியோட மஜ்ஜைக்குள்ள வெச்சா எலிக்கும் அதே நோய் வருதுன்னு காட்டினது 1990. ஸ்விட்சர்லாந்துல ஒரு கம்பெனி வேதியியலாளர்கள் மூலக்கூறைச் செய்ய, ஆரிகன்ல பிரையன் டிரக்கர்ங்கிற மருத்துவர் நோயாளிகளுக்கு முதன்முதலாக் கொடுத்தது 1998. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் அல்லது அதுக்கு மேல எடுத்துக்கிட்ட 54 பேர்ல 53 பேருக்கு ரத்த அணுக்கள் இயல்பு நிலைக்கு வந்தது. 2001 மே மாசம் அமெரிக்காவுல அனுமதி. பத்து வருஷத்துக்கும் மேல பின்தொடர்ந்து 2017-ல் வெளியிட்ட கணக்குல, இமாடினிப்ல ஆரம்பிச்சவங்கள்ல 83.3 விழுக்காடு பேர் பத்து வருஷம் கழிச்சும் உயிரோட இருந்தாங்க. அதுக்கு முன்னாடி, மஜ்ஜை மாற்றம் பண்ண முடியாத பெரும்பாலோருக்குச் சில வருஷம்தான் கணக்கு.

நாற்பது வருஷ உழைப்பு. எல்லாமே அச்சுல இருக்கு. இதுல எதை மறைச்சாங்க?

சரி, உங்க கட்சியில நியாயமே இல்லையா? இருக்கு. கம்பெனி பேராசை பிடிச்சதுன்னு சொல்றீங்களே, அது முழுப்பொய் இல்ல. அதுக்கும் இதே மாத்திரைதான் சாட்சி.

இந்த நோய் வர்றவங்க எண்ணிக்கை கம்மி, லாபம் வராதுன்னு கம்பெனிக்குள்ள ஆரம்பத்துல தயக்கம் இருந்தது. 1999-ல் கனடாவைச் சேர்ந்த சூசன் மக்னமாராங்கிற நோயாளி, இணையத்துல மூவாயிரத்துக்கும் மேல கையெழுத்து வாங்கி நோவார்டிஸ் தலைவருக்கு அனுப்பி, மாத்திரை உற்பத்தியை அதிகப்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. விலையைப் பாருங்க. அமெரிக்காவுல 2001-ல் ஒரு வருஷத்துக்குச் சுமார் 30,000 டாலர். 2012-ல் 92,000 டாலர். அதே மாத்திரை! இதைக் கண்டிச்சு 2013-ல் நூத்துக்கும் மேற்பட்ட சி.எம்.எல். நிபுணர்களே சேர்ந்து கட்டுரை எழுதினாங்க. நீங்க 'கம்பெனிக் கைக்கூலி'ன்னு சொல்ற அதே டாக்டர்கள்தான்.

இந்தியாவுல மாசம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் அதையே எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கொடுத்தாங்க. நோவார்டிஸ் ஏகப்பட்ட பேருக்கு இலவசமாவும் கொடுத்தது, அதையும் சொல்லியாகணும். ஆனா தர்மத்துல கிடைக்கிறது வேற, கடையில போய் வாங்க முடியிறது வேற. இன்னிக்கு இலவசம் கொடுக்கிறவன் நாளைக்கு நிறுத்தினா?

காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் 1998-ல் விண்ணப்பம் போட்டது எங்கே தெரியுமா? நம்ம சென்னை காப்புரிமை அலுவலகத்துல. மூலக்கூறுக்கு இல்ல, அதோட உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு. புற்றுநோயாளிகளுக்காக இயங்குற ஒரு சங்கமும் மாத்திரை செய்யிற இந்தியக் கம்பெனிகளும் எதிர்த்தாங்க. 2006 ஜனவரியில விண்ணப்பம் நிராகரிப்பு. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்கு. 2007 ஆகஸ்ட்ல தள்ளுபடி. கடைசியில 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பழைய பொருளோட புது வடிவம் நோயைத் தீர்க்கிறதுல கூடுதல் பலன் தரணும், வெறுமனே உடம்பு கூடுதலா உறிஞ்சிக்குதுன்னா பத்தாது. காப்புரிமை கிடையாது.

கவனிங்க. கம்பெனியோட பேராசையைத் தடுத்தது யாரு? நோயாளிகள் சங்கம், வக்கீல்கள், நாடாளுமன்றம் 2005-ல் போட்ட ஒரு சட்டப் பிரிவு, விலையைக் குறைச்சு விற்ற போட்டிக் கம்பெனிகள். அவங்கள்ல ஒருத்தராவது 'மாத்திரை வேலை செய்யாது'ன்னு சொன்னாங்களா? வேலை செய்யுது, அதனாலதான் எல்லாருக்கும் கிடைக்கணும்னு சண்டை போட்டாங்க. நீங்க அந்தச் சண்டையில எங்கே இருந்தீங்க? ஒரு மனுவுல கையெழுத்துப் போட்டிருப்பீங்களா? வாட்ஸப்ல ஆப்ரிகாட் கொட்டை வித்துக்கிட்டு இருந்தீங்க. கம்பெனியை எதிர்க்கிறதா நினைச்சுக்கிட்டு நீங்க எதிர்த்தது நோயாளியை.

இப்ப மாமா கதைக்கு வர்றேன். இதை எழுத அவர்கிட்ட கேட்டுட்டேன். "பேரு போடாத, மத்ததெல்லாம் போடு"ன்னார்.

ஏழு வருஷம் ஒழுங்கா மாத்திரை போட்டார். மூணு மாசத்துல வெள்ளை அணு இயல்பாச்சு. கண்ணுக்குக் கீழே லேசா வீக்கம், ராத்திரியில கெண்டைக்கால் பிடிச்சுக்கும், தோல் கொஞ்சம் வெளுத்துது. இந்த மாத்திரை கிட்ங்கிற இன்னொரு கைனேஸையும் அடைக்கும், தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லுக்கு அது தேவை, அதனால. "கலராயிட்டீங்களே மாமா"ன்னு கிண்டல் பண்ணுவோம் :-) ரத்தத்துல பிசிஆர்-ஏபிஎல் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்கிற பரிசோதனையில 0.1 விழுக்காட்டுக்குக் கீழே வந்தா நல்ல நிலைன்னு அர்த்தம். மாமா அதைவிடக் கீழே இருந்தார்.

2021-ல் யாரோ ஒரு செய்தி அனுப்பினாங்க. அப்புறம் ஒரு வைத்தியர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனாங்க. "ஏழு வருஷமா விஷத்தைச் சாப்பிடுறீங்களே"ன்னு கேட்டாராம். மாமா ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பிச்சார். அடுத்த வருஷம் நிறுத்தியே விட்டார். யார்கிட்டயும் சொல்லல. உடம்பு நல்லாத்தான் இருந்தது. அதுதான் இந்த நோயோட வஞ்சகம், ஆரம்பத்துல எதுவும் வலிக்காது. 2023-ல் மறுபடி அதே இடத்துல அந்தக் கல்லு.

இமாடினிப் போட்டு 18 மணி நேரத்துல ரத்தத்துல பாதியாக் குறையும். அட்டை தினமும் நைஞ்சு போகும், தினமும் புதுசாச் சொருகணும். லண்டன்ல 87 நோயாளிகளோட மாத்திரைப் புட்டி மூடியில சிப் வெச்சு, தினமும் திறக்கிறாங்களான்னு பார்த்து 2010-ல் எழுதினாங்க. 90 விழுக்காட்டுக்கு மேல ஒழுங்காப் போட்டவங்கள்ல ஆறு வருஷத்துல அந்த நல்ல நிலையை அடையிற வாய்ப்பு 94.5 விழுக்காடு. 90-ம் அதுக்குக் கீழேயும் இருந்தவங்களுக்கு 28.4. கணக்குப் போட்டுப் பாருங்க, மாசத்துல மூணு மாத்திரை விட்டாலே ரெண்டாவது கட்சிக்குப் போயிருவீங்க.

'நிறுத்தவே முடியாதா?'ன்னு கேட்டா, சிலருக்கு முடியும். பிரான்ஸ்ல ரெண்டு வருஷத்துக்கு மேல துளிகூடத் தட்டுப்படாத நூறு பேருக்கு டாக்டர்களே நிறுத்திப் பார்த்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு சுமார் 40 விழுக்காடு பேருக்குத் திரும்ப வரல. ஆனா அதுக்குத் துல்லியமான பரிசோதனை வேணும், நிறுத்தின பிறகும் அடிக்கடி ரத்தம் பார்க்கணும், திரும்பினா உடனே மாத்திரை. கம்பெனி நம்மை ஆயுசுக்கும் சாப்பிட வைக்குதுன்னு சொல்றீங்களே, நிறுத்த வழி தேடினதும் ஆராய்ச்சிதான், ஆப்ரிகாட் கொட்டை இல்ல.

மாமா இப்போ வேற மாத்திரையில இருக்கார். எண்ணிக்கை இறங்குது. ஆனா பழைய இடத்துக்கு இன்னும் வரல. வருமா, எனக்குத் தெரியாது. கடையை மட்டும் திறக்கிறார்.

ஒரு விஷயத்துல நானும் குற்றவாளி. அட்டையைச் சொருகினா மோட்டார் நிக்கும்னு அவருக்குப் புரிஞ்சது. அட்டையைத் தினமும் சொருகணும்னு நான் அன்னிக்கே அழுத்திச் சொல்லல. டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு அஞ்சு நிமிஷம், அவரும் சொல்லல. நாங்க யாரும் பேசாத இடத்துல அந்தச் செய்தி வந்து உக்காந்துக்கிச்சு. தமிழ்ல அறிவியல் பேசத் தெரிஞ்சவன் வாயை மூடிக்கிட்டு இருந்தா, தெரியாதவன்தான் பேசுவான்.

அதனால முந்தாநாள் அந்தச் செய்திக்குக் கீழேயே இதையெல்லாம் சுருக்கமா எழுதினேன். அண்ணன் கோவிச்சுக்கிட்டுக் குழுவுல இருந்து வெளியே போயிட்டார். கும்பிட்ட ஏழு பேர்ல ஒருத்தர் மட்டும் தன் கும்பிடை அழிச்சார். ராத்திரி மாமாகிட்ட இருந்து தனியா ஒரு போட்டோ வந்தது. உள்ளங்கையில அன்னிக்குப் போட வேண்டிய மாத்திரை. கீழே ரெண்டே வார்த்தை: "சொருகியாச்சு மாப்ளே."

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்ல. உங்க வீட்ல யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டா, நிறுத்துறது, குறைக்கிறது, கூட வேற கஷாயம் சேர்க்கிறது எதுவா இருந்தாலும் அவங்க டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க. சில மூலிகைகள் இந்த மாத்திரையோட அளவையே ரத்தத்துல குறைச்சிரும்.

டிஸ்கி 2: பி17 அனுப்பின அண்ணன் இதைப் படிச்சா, வீட்டுக்கு வாங்க. சண்டை போட இல்ல, மாமா கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒட்டிக்கிட்ட கான்டாக்டர் ஒண்ணை அவர் எடுத்து வெச்சிருக்கார், காட்டுவார்.